'கிஃப்ட்' பரிசா, விஷமா? ஐரோப்பியச் சொல் ஒன்றின் தடம் பிடிக்கும் முறை

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு. ஜெர்மனில் அதே நான்கு எழுத்துகள் விஷத்தைக் குறிக்கும். சுவீடிஷில் விஷம் என்றும் பொருள், 'மணமானவர்' என்றும் பொருள். இவை ஒரே சொல்லின் பிள்ளைகளா, தற்செயலாக ஒத்துப்போனவையா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள்: மொழி, வடிவம், பால், பொருள், முதல் பதிவு, வந்த வழி. வடிவத்தை ரோமன் எழுத்திலேயே குறிப்பது நல்லது. தமிழில் ஒரே ககரம் பல ஒலிகளுக்கு நிற்பதால், பிறகு ஒலிமாற்றத்தைச் சரிபார்க்கும்போது குழப்பம் வரும். பால் எதற்கு என்று பலர் அந்தப் பத்தியை விட்டுவிடுவார்கள். துப்பு கிடைப்பதோ பெரும்பாலும் அங்கேதான். ஜெர்மனில் விஷம் 'தாஸ் கிஃப்ட்', நடுப்பால். சீதனம் 'டீ மிட்கிஃப்ட்', பெண்பால். 'கொடுத்தல்' என்ற பழைய பொருளும் பழைய பாலும் சீதனத்தில் அப்படியே தங்கிவிட்டன.

அட்டவணையை நிரப்ப இருமொழி அகராதி உதவாது. அது இன்றைய பொருளோடு நின்றுவிடும். அந்தந்த மொழியின் சொற்பிறப்பு அகராதியைப் பாருங்கள். ஜெர்மனுக்கு டி.டபிள்யூ.டி.எஸ். தளம், டச்சுக்கு எட்டிமொலொகீபாங்க், சுவீடிஷுக்கு சுவீடிஷ் அகாடமி அகராதி எல்லாம் இணையத்தில் இலவசம். சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால் அது அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம், எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல. முதல் பதிவின் ஆண்டு சொல் பிறந்த ஆண்டும் அல்ல. எழுத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அது பேச்சில் இருந்திருக்கும்.

இனி பின்னோக்கிப் போகலாம். பழைய ஜெர்மனில் 'கிஃப்ட்' என்பது 'கேபென்' (கொடு) என்ற வினையிலிருந்து வந்த பெயர், பொருள், கொடுத்தல். விஷம் எப்படி நுழைந்தது? கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர் கொடுக்கும் மருந்தளவும் அதுவே. லத்தீன் வழியாக வந்த அந்தப் பொருளை ஜெர்மன் தன் 'கொடுத்தல்' சொல்லின் மேல் ஏற்றிக்கொண்டது; கொடுக்கும் மருந்தளவு பிறகு விஷத்தையே குறித்தது. சொல் உள்நாட்டுச் சரக்கு, பொருள் மட்டும் கடன். 'டோசிஸ்' பிற்பாடு தனியாகவும் ஜெர்மனுக்குள் வந்து சேர்ந்தது. ஆகவே 'வந்த வழி' பத்தியில் வடிவத்துக்கு ஒரு வரி, பொருளுக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு தப்பும்.

சுவீடிஷில் 'கொடு'வின் கிளை பெண்ணை மணம் செய்து கொடுப்பதற்குப் போனது, அதனால்தான் 'மணமானவர்'. விஷப் பொருள் வட ஜெர்மனியின் மொழியான தாழ்ஜெர்மனிலிருந்து வந்தது. டச்சு, நன்கொடைக்கு 'கிஃப்ட்' என்பதை வைத்துக்கொண்டு விஷத்துக்கு இறுதி டகரத்தை உதிர்த்துவிட்டது. ஆங்கிலத்தின் பழைய வடிவம் யகர ஒலியில் தொடங்கியது, பொருள் மணப்பெண்ணுக்கான விலை. இன்றைய ககர ஒலி, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸின் கொடை.

பொருள் இப்படி மாறுவது நடக்கக்கூடியதுதானா என்பதற்கு வேறு குடும்பக் கிளையில் இணை தேடுங்கள். பிரெஞ்சு 'புவாசோன்' (விஷம்), லத்தீனில் 'பானம்' என்ற பொருளுள்ள 'போட்டியோ'விலிருந்து வந்தது. குடிப்பது விஷமாகலாம் என்றால் கொடுப்பதும் ஆகலாம்.

பலர் சறுக்குவது தோற்ற ஒற்றுமையில். லத்தீன் 'ஹபேரே', ஜெர்மன் 'ஹாபென்' இரண்டுக்கும் பொருள் 'வைத்திரு'. ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் உறவு இல்லை. கிரிம் விதி என்ற ஒலிமாற்ற விதிப்படி லத்தீனின் ககரம் ஜெர்மானிய மொழிகளில் (ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, சுவீடிஷ் முதலியவை) ஹகரமாகும்: 'கோர்னு' (கொம்பு) ஜெர்மனில் 'ஹோர்ன்'. அந்தக் கணக்கில் 'ஹாபென்' சொல்லின் உறவு 'காபெரே' (பிடி). ஸ்பானிஷ் 'முச்சோ', ஆங்கில 'மச்' இரண்டும் இப்படித்தான்: முன்னது லத்தீன் 'முல்டுஸ்', பின்னது பழைய ஆங்கில 'மிச்செல்'.

இந்த ஒலிவிதி பரம்பரைச் சொற்களுக்கு மட்டும். விதி உருவான பின் வந்த கடன் சொற்களை அது கட்டுப்படுத்தாது. எஸ்தோனிய மொழியிலும் 'கிஹ்வ்ட்' என்றால் விஷம். எஸ்தோனியன், மேலே பார்த்த மொழிகளெல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே அல்ல என்பதால் அங்கே ஒலிவிதி பார்க்க வேண்டியதில்லை; 'வந்த வழி' பத்தியில் 'ஜெர்மானியக் கடன்' என்று எழுதலாம். இன்றைய எஸ்தோனியப் பேச்சு வழக்கில் அதற்கு 'பிரமாதம்' என்ற பொருளும் உண்டு. அதற்குத் தனி வரி போடுங்கள்.