சுட்டிக்காட்டும் ஆங்கிலச் சொற்கள்: எதை எங்கே எழுதுவது

இண்டிகேட், பாயிண்ட் அவுட், ஷோ, டெமான்ஸ்ட்ரேட் நான்குக்கும் அகராதியில் ‘காட்டு’, ‘சுட்டு’, ‘தெரிவி’ என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் தப்பும். தப்பாவிட்டாலும், நாம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும்.

எழுதுமுன், கையில் இருக்கும் சான்று எவ்வளவு வலுவானது என்று பாருங்கள். இண்டிகேட் என்றால் அறிகுறி தெரிகிறது, அவ்வளவே. டெமான்ஸ்ட்ரேட் என்றால் நிரூபித்தாயிற்று. ஷோ இரண்டுக்கும் இடையில் நின்றாலும் நிரூபணத்தின் பக்கம் சாய்ந்தது. இருபது பேரிடம் கேட்ட கருத்துக்கணிப்புக்கு டெமான்ஸ்ட்ரேட் போடுவது வீண் ஆர்ப்பாட்டம், இண்டிகேட் போதும்.

பாயிண்ட் அவுட்டில் உள்ள பொறி வேறு. அதற்குப் பின் ‘தட்’ போட்டு எழுதும் செய்தியை உண்மை என்று எழுதுபவரும் ஏற்றுக்கொண்டதாகவே படிப்பவர் கொள்வார். கூட்டக் குறிப்பில் ‘கணக்கு தவறு என்று அவர் பாயிண்ட் அவுட் செய்தார்’ என்று எழுதினால், கணக்கு தவறுதான் என்று நீங்களே கையெழுத்திட்ட மாதிரி. அது முடிவாகாத விஷயமானால் ‘ஸே’ போடுங்கள். பக்கம் சாயாத சொல் அதுதான். ‘க்ளெயிம்’ எதிர்ப்பக்கம் சாயும், சொன்னவர் மேல் லேசான சந்தேகத்தைத் தூவும்.

அடுத்து வாக்கிய அமைப்பு. இந்த நான்கில் ஷோ மட்டுமே ஆளை நேராக ஏற்கும்: ‘ஷோ மீ தி எரர்’. மற்றவற்றுக்கு ‘டு’ வேண்டும்: ‘பாயிண்ட் அவுட் தி எரர் டு மீ’. தமிழில் ‘எனக்கு’ என்பது எந்த வினையோடும் ஒட்டிக்கொள்வதால், ‘இண்டிகேட் மீ’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. ‘பாயிண்ட் அவுட் அபவுட்’ என்பதும் பிழை, ‘அபவுட்’ தேவையில்லை. ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘பாயிண்ட் இட் அவுட்’. விரலை நீட்டினால் ‘பாயிண்ட் அட்’. சான்றுகள் ஒரு முடிவை நோக்கி இட்டுச்சென்றால் ‘பாயிண்ட் டு’.

இனி வேர்கள். லத்தீனில் ‘இண்டெக்ஸ்’ என்றால் சுட்டுவிரல், சுட்டிக்காட்டுபவர். இண்டிகேட் அதன் வழி வந்தது. இதற்கும் அடியில் ‘காட்டு’ என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் ‘டீச்’, ‘டோக்கன்’, ‘ஜட்ஜ்’, கிரேக்கம் வழி வந்த ‘பாரடைம்’ எல்லாம் அதன் கிளைகள். சமஸ்கிருதத்தில் அது ‘திஶ்’ ஆயிற்று. நாம் சொல்லும் திசை, உபதேசம் இரண்டும் அங்கிருந்து வந்தவை. குற்றஞ்சாட்டுவதைக் குறிக்கும் ‘இண்டைட்’ என்ற சொல்லும் இதே குடும்பம். பிரெஞ்சு வழி வந்தபோது அதில் ‘சி’ எழுத்து இல்லை; பின்னாளில் லத்தீனைப் பார்த்து எழுத்தை மட்டும் செருகினார்கள், உச்சரிப்பு மாறவில்லை. ‘இண்டிக்ட்’ என்று வாசிப்பது அதனால்தான் தவறு.

ஷோவின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ‘பார்’. பிறகு ‘பார்க்கச் செய்’ என்று திரும்பியது. காண் என்பதிலிருந்து காட்டு பிறந்த அதே தடம். டெமான்ஸ்ட்ரேட்டில் இருக்கும் லத்தீன் ‘மான்ஸ்ட்ராரே’வுக்கும் ‘மான்ஸ்டர்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டு. மான்ஸ்டர் முதலில் தெய்வங்கள் காட்டும் தீய சகுனம்.

மறைமுகமாகச் சுட்டும் சொற்களில் அதிகம் குழம்புவது ‘அல்யூட்’. அதன் வேர் ‘விளையாடு’ என்ற லத்தீன் வினை. பெயரைச் சொல்லாமல் தொட்டுச் செல்வதற்கே அது. பெயரைச் சொல்லிவிட்டால் ‘ரெஃபர்’. ‘இம்ப்ளை’ பேசுபவர் செய்வது, ‘இன்ஃபர்’ கேட்பவர் செய்வது. வாக்கியத்தின் எழுவாய் யாரென்று பார்த்தாலே எதைப் போடுவது என்று தெரிந்துவிடும்.