பன்னீர் திராட்சைக் கவாத்து: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கவாத்துக்கு, அதாவது கொடியின் குச்சிகளை அளவாக வெட்டி விடும் வேலைக்கு, புதிதாகக் கத்திரி பிடிப்பவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் பண்ணிய அதே தவறுகளைத்தான் பண்ணுகிறார்கள். மழுங்கிய கத்திரியால் வெட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குச்சியை நீளமாக விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். போன பருவத்தில் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தம்பி தன் தோட்டத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். பந்தல் பச்சைப்பசேல் என்று இருந்தது. அண்ணாந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குலை. ஒவ்வொரு குச்சியிலும் எட்டு, ஒன்பது கணு விட்டிருந்தார். "நல்லா முத்துன குச்சிண்ணே, வெட்ட மனசு வரல. நாசிக் வீடியோவுலயும் இப்படித்தான் விடுறாங்க" என்றார்.

நாசிக்கில் அதிகம் இருப்பது தாம்சன் போன்ற விதையில்லா ரகங்கள். அவற்றின் அடி மொட்டுகளில் (கணுவில் துளிர்க்கும் மொட்டைச் சொல்கிறேன், பூ மொட்டை அல்ல) குலை வருவது அரிது. அதனால் காய்ப்புக்காகச் செய்யும் அக்டோபர் கவாத்தில் நீளமாக விடுகிறார்கள். பன்னீர் அப்படியில்லை, கீழ்க்கணுக்களிலேயே காய்க்கும். முதிர்ந்த குச்சிக்கு நான்கு மொட்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம்.

நீளமாக விட்டால் நுனியில் உள்ள இரண்டு மூன்று மொட்டுகள் முந்திக்கொண்டு துளிர்த்து, கீழே இருப்பவற்றை எழவிடாது. நஷ்டம் அந்த ஒரு அறுப்போடு நிற்பதில்லை. அடுத்த கவாத்தில் காய்ப்புக்கு அந்த நுனித் துளிர்களைத்தான் நிறுத்த முடியும் என்பதால், காய்க்கும் இடம் வருடா வருடம் வெளியே நகர்கிறது. கொடியின் கைகள், அதாவது பந்தலில் நிலையாகப் படர்ந்திருக்கும் கிளைகள், மொட்டையாகிவிடும். நுனிகள் பக்கத்துக் கொடியோடு பின்னிக்கொண்டு பந்தலில் வெயில் இறங்காது. அடுத்த அறுப்புக்கான குலை இந்தப் பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது, அதற்கு வெயில் வேண்டும். ஆக, நிழலில் முதிர்ந்த குச்சியை எத்தனை கணுவில் வெட்டினாலும் பழம் குறையத்தான் செய்யும். பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் கைவரை ஒட்ட வெட்டி, ஒரு அறுப்பையே மறந்துவிட வேண்டும். மனசு வராமல் விட்ட நாலு கணுவுக்கு இவ்வளவு விலை!

அதனால் கையை ஒட்டி வந்த குச்சிகளில் சிலவற்றை ஒன்றிரண்டு மொட்டில் வெட்டி விடுங்கள். அதில் வரும் துளிர்தான் அடுத்த பருவத்தின் காய்ப்புக் குச்சி. காய்த்து முடிந்த நீளக் குச்சியை அப்போது தைரியமாக எடுத்துவிடலாம்.

பச்சைக் குச்சியைக் கணக்கில் சேர்ப்பது

முதிர்ந்த குச்சி பழுப்பேறிக் கெட்டியாக இருக்கும், வெட்டினால் நடுப்பகுதியும் பழுப்பாகத் தெரியும். பச்சையாகவோ மெலிந்தோ இருந்தால் ஒன்று அல்லது இரண்டு மொட்டில் நிறுத்துங்கள். இந்த முறை அதில் பழம் எதிர்பார்க்காதீர்கள்.

சந்தை விலையை மட்டும் பார்த்து நாள் குறிப்பது

கவாத்திலிருந்து அறுப்புக்குச் சுமார் நான்கு மாதம் என்று எண்ணி, விலை ஏறும் மாதத்துக்குக் குறி வைக்கிறார்கள். சரி, பூ எப்போது வரும்? ஐந்தாறு வாரத்தில். அது ஐப்பசி அடைமழையில் மாட்டினால் அடிச்சாம்பல் நோய் பூவையும் பிஞ்சையும் கொண்டுபோய்விடும்.

வெட்டுவாயில் நீர் சொட்டினால் பயப்படுவது

சொட்டட்டும். தானாக நின்றுவிடும்.

வெட்டியதைப் பந்தலடியிலேயே போடுவது

போடாதீர்கள். நோய் அதில்தான் தங்கும். அன்றைக்கே அள்ளி வெளியேற்றுங்கள்.