கோயில் வேம்பு முதல் காட்டு ஆர்க்கிட் வரை: செடி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்குப் போகிறவர்கள் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் பழைய பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் நடவில் எஞ்சியதாகப் போற்றப்படும் மரம் அது. நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற வைத்த பயிர், பூங்காக்களின் கைவழியாகத்தான் இந்த மண்ணுக்கு வந்தது. அதனால் தாவரவியல் பூங்கா என்றதும் படம் எடுக்கும் இடம் என்று மட்டும் நாம் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் ஊரில் கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளி, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முற்றம் என்று எங்கும் ஆசையோடு செடி வைக்கிறார்கள். பல கன்றுகள் நிலைப்பதில்லை. அக்கறை நிறையவே இருக்கிறது. தோட்ட வேலையில் நம் பெரியவர்கள் கற்றதைச் சொந்தச் செடிக்கு நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம், அதுதான் குறை.

பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது பால் எடுக்கப் பால்மரப் பட்டையை வெட்டியவர்களின் கைக்கே தெரியும். கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் வெட்ட முடியாது. கங்காணி சும்மா விடமாட்டார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய உயிருள்ள படலம்தான் மரத்தைப் பருக்க வைக்கிறது. இதே விஷயம் கோயில் அரசமரத்துக்கும் வேம்புக்கும் பொருந்தும். ஆனால் அங்கே திருவிழா பதாகைக்கு ஆணி அடிக்கிறோம், அலங்கார விளக்கின் கம்பியை இறுக்கிச் சுற்றி வருடக்கணக்கில் அப்படியே விடுகிறோம், அடிமரத்தை ஒட்டியே கற்பூரம் ஏற்றுகிறோம். சூடு பட்ட பக்கத்தில் அந்தப் படலம் செத்துப்போகும். புல்வெட்டும் மிஷினின் நைலான் கயிறு இன்னும் மோசம். இளங்கன்றின் அடிப்பட்டையை அது சுற்றிலும் உரித்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. மரம் சில மாதங்கள் பச்சையாகவே நிற்கும், பிறகு திடீரென்று காயும். கற்பூரத் தட்டை நாலடி தள்ளி ஒரு கல்மேடையில் வைக்கலாம். அடியைச் சுற்றிப் புல் முளைக்காமல் சருகு பரப்பினால் மிஷினுக்கு அங்கே வேலை இருக்காது.

மரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டுவது பக்தியோடு செய்யப்படும் தவறு. உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மண்ணின் மேல் ஒன்றிரண்டு அடியிலேயே பரவியிருக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை மண்ணாலோ சிமெண்டாலோ மூடினால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். மேடை கட்டியே ஆக வேண்டும் என்றால் கிளை விரியும் அளவுக்குத் தள்ளிக் கட்டுங்கள், நடுவில் வெறும் மண் இருக்கட்டும்.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வறண்ட நிலத்து மரம். பேராக் மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகிவிடும். மாரியம்மன் கோயிலுக்கு வேம்புதான் வேண்டும் என்றால், மண்ணை மேடாக்கி, பக்கத்தில் ஒரு வடிகால் வெட்டிவிட்டு நடுங்கள். நிழலுக்கு மட்டும் என்றால், வேம்பின் நெருங்கிய உறவான செந்தாங் இந்த நாட்டுக் காடுகளில் இயல்பாக வளரும் மரம், இங்குள்ள மழைக்குப் பழகியது. நடும்போது பாலிபேக்கைக் கிழித்து எடுப்பதோடு நிறுத்தாமல், உள்ளே வட்டமாகச் சுருண்ட வேர்களைப் பிரித்துவிடவோ வெட்டிவிடவோ வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றுமேடையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காலையில் கூட்டிய சருகைக் குவித்துக் கொளுத்துவதும் நிற்க வேண்டும். திறந்தவெளி எரிப்பு சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். அந்தச் சருகு மரத்துக்கான உரம். பாழான மண்ணையும் மீட்கலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு: கோலாலம்பூர் அருகே கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தின் காடு, ஈயம் (வெள்ளீயம்) தோண்டிப் பாழான நிலத்திலும் காய்கறித் தோட்ட நிலத்திலும் 1920களிலிருந்து நட்டு வளர்க்கப்பட்டது. 2025இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமானது. ஈயச் சுரங்கக் குட்டைகளை நன்றாக அறிந்த பேராக் மக்கள் குடும்பத்தோடு ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தொட்டிச் செடிக்கு மழை நாளிலும் வழக்கமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும். தட்டையே எடுத்துவிடலாம்.

பள்ளித் தோட்டங்களில் எனக்கு அதிகம் உறுத்துவது பதிவேடு இல்லாமை. திறப்பு விழாப் பலகையில் வந்தவர்களின் பெயர் இருக்கிறது, செடியின் பெயர் இல்லை. சாதாரணத் தோட்டத்தைத் தாவரவியல் பூங்காவிலிருந்து பிரிப்பதே இந்தப் பதிவுதான்: ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண், அறிவியல் பெயர், விதை எங்கே யாரால் எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்பு. பட்டுப்போனால் அதையும் எழுதுவார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் மாணவர்களே இதைச் செய்துவிடுவார்கள்.

விதை எடுக்கும்போது ஒரே மரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுப்பதும் தவறு. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட செம்பனைக் கன்றுகள் நான்கே நான்கு. அந்த வழியில் வந்த விதைகள்தான் சுமத்ரா தாண்டி மலாயாவுக்கு வந்தன. 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய முதல் வணிக நடவும் அந்த வம்சத்தோடு சேர்ந்ததுதான். ரப்பரின் அடித்தளமும் இப்படித்தான் குறுகியது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இந்தப் பக்கம் வந்தால் ஒன்றுபோல் வளர்ந்த மரங்கள் ஒன்றாகவே விழும் என்ற அச்சம் ஆய்வாளர்களுக்கு உண்டு. அதனால்தான் 1981இல் ஓர் அனைத்துலகக் குழு பிரேசில் காடுகளுக்குப் போய்ப் புதிதாகக் காட்டு ரப்பர் விதை சேகரித்தது. உங்கள் பள்ளிக்கு நாவல் மரம் வேண்டுமென்றாலும் நாலைந்து இடத்து மரங்களிலிருந்து விதை எடுங்கள்.

கடைசியாக, காட்டிலிருந்து செடி பிடுங்குவது. சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையே நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் வேறெங்கும் இல்லாத செடிகள் இருக்கின்றன. செம்மோர் பக்கத்துக் காந்தான் குன்றின் வத்திகா காந்தானென்சிஸ் என்ற மரம் அங்கே மட்டுமே காணப்பட்டது. கல் உடைப்பே அவற்றுக்குப் பெரிய ஆபத்து, நம் கையும் சேர வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்ததை வீட்டுத் தொட்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. காட்டு ஆர்க்கிட்டின் தூசி போன்ற விதை, காட்டில் ஒரு வகைப் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். தாய்ச்செடியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. சாலையோரம் விற்கும் காட்டு ஆர்க்கிட்டையும் குடுவைச் செடியையும் வாங்காதீர்கள். ஆய்வுக்கூடக் குப்பியில் வளர்த்த ஆர்க்கிட் நாற்றுகள் நர்சரிகளில் கிடைக்கின்றன, அவை தொட்டிக்குப் பழகியவை.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள், பக்கத்திலேயே 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கும் போகிறார்கள். அங்கே நாகலிங்கப் பூவை மரத்திலிருந்து பறிக்காதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள். கையேந்திப் பழகிய குரங்கு, தராதவர்களைப் பிறாண்டும். பிள்ளைகளை ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையிடமும் கூட்டிப்போய், அதில் உள்ளதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.