ரூபி ஜெம்மை டெபியன் பொதியாக்குவது எப்படி?

ஜெம் என்பது ரூபி மொழியின் லைப்ரரித் தொகுப்பு; டெப் என்பது டெபியன் லினக்ஸில் நிறுவும் பொதிக் கோப்பு. ஜெம்2டெப் என்ற கருவி ஒரு ரூபி ஜெம்மை ஒரு நிமிடத்தில் டெப் கோப்பாக்கிக் கொடுத்துவிடும். உங்கள் கணினியில் அது ஓடவும் செய்யும். ஆனால் டெபியனின் பில்ட் கணினியில், அதாவது பொதிகளை உருவாக்கும் கணினியில், கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) இருக்காது, பண்ட்லர் (சார்பு ஜெம்களைத் திரட்டும் கருவி) இருக்காது, இணையமும் இருக்காது. அங்கேயும் பொதி உருவாக வேண்டும். பாதி நேரம் இதற்கே போகும்.

கட்டளைகளை இங்கே தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. தயாராவது

டெபியன் அன்ஸ்டேபிள், அதாவது ‘சிட்’, ஓடும் கணினியோ விர்ச்சுவல் மெஷினோ வேண்டும். ஜெம்2டெப், எஸ்பில்ட் (சுத்தமான சூழலில் பொதியை உருவாக்குவது), டெவ்ஸ்கிரிப்ட்ஸ் (துணைக் கட்டளைகள்), லின்டியன் (பொதியில் பிழை தேடுவது) நான்கையும் ஆப்ட் வழியாக நிறுவுங்கள். உங்கள் பெயரை டெப்ஃபுல்நேம் என்ற மாறியிலும், மின்னஞ்சலை டெப்இமெயில் என்ற மாறியிலும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடுங்கள். இவ்விரு மாறிகளும் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து.

அந்த ஜெம் ஏற்கெனவே டெபியனில் இருக்கிறதா என்று ஆர்மேடிசன் கட்டளையால் பாருங்கள். இல்லையென்றால் ரிப்போர்ட்பக் மூலம் டபிள்யூஎன்பிபி-யில் (வேலை தேவைப்படும், வரவிருக்கும் பொதிகளின் பட்டியல்) ஐடிபி பதிவு செய்யுங்கள். “இதை நான் பொதியாக்கப் போகிறேன்” என்ற அறிவிப்பு அது. கிடைக்கும் பக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பொதியின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகில் ‘குளோசஸ்’ என்பதற்குப் பக்கத்தில் வர வேண்டும்.

2. முதல் வடிவம்

‘ஜெம்2டெப் ஃபூ_பார்’ என்று ஓட்டினால், ரூபிஜெம்ஸ் தளத்திலிருந்து ஜெம் இறங்கி, மூலக்கோப்புத் தொகுப்பாக மாறி, உள்ளே டெபியன் என்ற அடைவும் உருவாகும். பொதியின் பெயர் ரூபி-ஃபூ-பார். டெபியன் பொதிப் பெயர்களில் அடிக்கோடு செல்லாது என்பதால் அது சிறுகோடாகிவிடுகிறது.

அந்த அடைவில் பொதியின் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பைத் திறந்து, கருவி ‘ஃபிக்ஸ்மீ’ என்று விட்டுவைத்த இடங்களை நிரப்புங்கள். சுருக்க விளக்கம் ஒரே வரி, கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது. ஆர்க்கிடெக்சர் வரியில், தூய ரூபி லைப்ரரிக்கு ‘ஆல்’, சி மொழி நீட்சி இருந்தால் ‘எனி’.

பல ஜெம்களுக்குள் டெஸ்ட் கோப்புகளே இருக்காது, ஆசிரியர்கள் எடை குறைக்க விட்டுவிடுவார்கள். அப்படியானால் கிட்ஹப்பில் அந்தப் பதிப்புக்கான டேக்கிலிருந்து மூலத் தொகுப்பை எடுங்கள், புதிய பதிப்பு வந்ததா என்று பார்க்க உதவும் வாட்ச் கோப்பையும் அந்த முகவரிக்கே திருப்புங்கள். டெஸ்ட் இல்லாத பொதியை அடுத்த ரூபி பதிப்பு வரும்போது பராமரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

3. ஜெம்ஸ்பெக்கில் ஒளிந்திருக்கும் கிட்

கிட்ஹப் தொகுப்பை எடுத்தவர்கள் எல்லோரும் இடிபடும் இடம் இது. ஜெம்மின் விவரங்களைச் சொல்லும் ஜெம்ஸ்பெக் கோப்பில் ‘ஃபைல்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் கோப்புப் பட்டியலை ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளையிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். பில்ட் சூழலில் கிட் இல்லையென்றால் அங்கேயே பிழை வந்து நிற்கும், அது நல்லது. கிட் நிறுவப்பட்டு, கிட்டின் தகவல்கள் இருக்கும் டாட்-கிட் அடைவு மட்டும் இல்லாமல் போனால் ஆபத்து அதிகம்: பட்டியல் காலியாகத் திரும்பும். பில்ட் விதிகள் உள்ள ரூல்ஸ் கோப்பில், இந்தப் பட்டியலின்படி நிறுவும் ஜெம்-இன்ஸ்டால் முறையைத் தேர்ந்திருந்தால் பில்ட் முடிந்தும் பொதிக்குள் லைப்ரரி இருக்காது.

அந்த வரியை ‘டிர்.குளோப்’ (கோப்புகளைத் தேடும் ரூபி அழைப்பு, இதன் முதல் எழுத்து பெரியது) என்று மாற்றி, லிப் அடைவைக் காட்டுங்கள். கூடவே எக்ஸ்ஈ அல்லது பின் அடைவையும் சேருங்கள். ‘எக்ஸிக்யூட்டபிள்ஸ்’ வரி பல ஜெம்களில் இதே பட்டியலிலிருந்துதான் சலித்தெடுக்கிறது, விட்டுவிட்டால் கட்டளை காணாமல் போகும். ‘எல்லாக் கோப்பும்’ என்று நட்சத்திரக் குறி போட்டால் டெபியன் அடைவும் பொதிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மாற்றியபின் ‘டிபிகேஜி-சோர்ஸ் --கமிட்’ ஓட்டினால் அது பேட்ச்சாக, அதாவது மூலத்தின் மேல் செய்த திருத்தமாக, பதிவாகும்.

4. டெஸ்ட், பிறகு சுத்தமான பில்ட்

ஆர்ஸ்பெக் (ரூபியின் ஒரு டெஸ்ட் கருவி) டெஸ்டுகளுக்கு கன்ட்ரோல் கோப்பின் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் ரூபி-ஆர்ஸ்பெக் சேருங்கள். ஸ்பெக்_ஹெல்பர் கோப்பில் ‘பண்ட்லர்/செட்டப்’, ‘சிம்பிள்கவ்’ (டெஸ்ட் எவ்வளவு நிரலைத் தொடுகிறது என்று அளப்பது) ஆகியவற்றை அழைக்கும் வரிகளைப் பேட்ச் செய்து நீக்குங்கள். இணையத்தைத் தொடும் டெஸ்டுகளை மட்டும் காரணம் எழுதித் தவிர்க்கலாம்.

‘எஸ்பில்ட் -டி அன்ஸ்டேபிள்’ ஓட்டுங்கள். சார்பு ஜெம் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றால், எடுத்துக்காட்டாக, ஜெம்ஸ்பெக் 2.1 அல்லது அதற்கு மேல், 3-க்குக் கீழ் என்று கேட்டிருக்கும், டெபியனில் 3.0 இருக்கும். கட்டுப்பாட்டைத் தளர்த்தும் முன் எல்லா டெஸ்டும் 3.0-வோடு தேறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5. அனுப்புவது

பில்ட் தந்த சேஞ்சஸ் கோப்பின் மீது லின்டியன் ஓட்டி, வரும் பிழைகளைத் திருத்துங்கள். உரிமங்களைப் பட்டியலிடும் காப்பிரைட் கோப்பில் அவசரம் வேண்டாம். புதிய பொதிகள் ‘நியூ’ வரிசையில் நிற்கும்போது உரிமங்களைச் சரிபார்ப்பார்கள். வெண்டர் அடைவுக்குள் யாரோ நகலெடுத்துப் போட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் உரிமமும் அதில் வர வேண்டும்.

டெபியன் டெவலப்பர் ஒருவர் உங்களுக்காக ஏற்றித் தருவார். முதல் முறை பைனரியோடுதான், அதாவது உருவாக்கிய டெப் கோப்போடுதான், ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய பைனரி, அடுத்த நிலையான வெளியீடு தயாராகும் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகராது. ‘நியூ’வைத் தாண்டியதும் பதிப்பின் கடைசியில் உள்ள -1 என்பதை -2 ஆக்கி, மூலத்தை மட்டும் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.