காண்டாக்ட் லென்ஸுக்குத் தண்ணீர் ஆகாது

எதையும் தண்ணீரில் அலசிப் பழகிய நமக்கு, கண்ணில் வைக்கும் லென்ஸில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது முதலில் வியப்பாகவே இருக்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரிலும், கிணற்றிலும், நீச்சல் குளத்திலும் அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி இருக்கக்கூடும். குடித்தால் பொதுவாகத் தீங்கு செய்யாத அது, லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழியை அடைந்துவிட்டால், மாதக்கணக்கில் மருந்து விட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாத அளவுக்குப் புண்ணை உண்டாக்கிவிடலாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும், வடிகட்டிய குடிநீரும், அவசரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் எச்சிலும்கூட லென்ஸுக்கு ஆகா. குளிப்பதற்கு முன்பும் நீந்துவதற்கு முன்பும் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

லென்ஸைத் தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியால் ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் கிள்ளிய விரலில் காரம் ஒரு கழுவலில் போகாது என்பதால், சமையலுக்கு முன்பே லென்ஸை அணிந்துகொள்வது நல்லது. இடம் வலம் மாறிவிடாமலிருக்க எப்போதும் வலக்கண் லென்ஸிலிருந்தே தொடங்குங்கள். உள்ளங்கையில் லென்ஸை வைத்து, லென்ஸைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் சொல்யூஷனில் சில சொட்டு விட்டு, விரல் நுனியால் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, மீண்டும் சொல்யூஷனால் அலசுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது என்பேன். லென்ஸில் படிந்த புரதமும் அழுக்கும் வெறுமனே ஊறவைப்பதால் மட்டும் போவதில்லை.

லென்ஸை ஊறவைக்கும் சிறு டப்பாவான கேஸில் நேற்று ஊற்றிய சொல்யூஷன் தெளிவாகத் தெரிகிறதே என்று அதன் மேலேயே புதியதைச் சிறிது ஊற்றிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் பலருக்குக் கருவிழிப் புண் உண்டானபோது, ஒரு குறிப்பிட்ட சொல்யூஷன் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தப் பழக்கமும் அப்போது ஐயத்துக்குள்ளானது. ஆகவே ஒவ்வொரு முறையும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். காலையில் காலியான கேஸைச் சொல்யூஷனாலேயே அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்து உலரவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேஸை மாற்றிவிடுங்கள்.

சலைன் என்பது வெறும் உப்புக் கரைசல். அது அலச உதவுமே தவிர, கிருமியைக் கொல்லாது. சொல்யூஷனில் உள்ள பதப்பொருள் ஒவ்வாதவர்களுக்கு மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல மாற்று. ஆனால் அதனுடன் வரும் கேஸையே பயன்படுத்த வேண்டும்; பல வகைகளில் கேஸிலுள்ள பிளாட்டினத் தகடுதான், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், பெராக்சைடைக் கண்ணுக்குத் தீங்கற்றதாக மாற்றுகிறது. அந்த நேரம் முடிவதற்கு முன் அணிந்தால் கண் தாங்க முடியாமல் எரியும்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸையும் கேஸையும் எறிந்துவிடாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்பதை ஆய்வகத்தில் அவற்றிலிருந்தே கண்டறிய முடிவதுண்டு.