காண்டிடா தட்டில் வட்டத்தை அளக்குமுன்

"நோயாளியின் காண்டிடா ஃபுளுகோனசோலுக்குக் கேட்குமா?" என்று கிளினிக் டாக்டர் போனில் கேட்பார். காண்டிடா, வாய்ப்புண் போன்ற தொற்றைத் தரும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை; ஃபுளுகோனசோல் அதற்குக் கொடுக்கும் மருந்து. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சின்ன லேப்புக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் உடனே டிஸ்க்கை, அதாவது மருந்து ஊறிய சின்னக் காகித வட்டைத் தேடுவார்கள். நான் விடமாட்டேன். முதலில் அது எந்தக் காண்டிடா இனம் என்று பெயர் வேண்டும்.

காரணம் இதுதான். 25 மைக்ரோகிராம் ஃபுளுகோனசோல் டிஸ்க்கைச் சுற்றி ஈஸ்ட் வளராமல் தடுக்கப்பட்ட 18 மில்லிமீட்டர் வட்டம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனம் அல்பிகன்ஸ் என்றால் மருந்துக்குக் கேட்கும். கிளாப்ராட்டா என்றால் டோஸைக் கூட்டிக் கொடுத்தால்தான் கேட்கலாம். குரூசை என்றால் அளந்ததே வீண். பிறவியிலேயே அது இந்த மருந்துக்கு மசியாது.

பெயர் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீர்) காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த ஈஸ்ட் திட்டைக் கலந்து 37 டிகிரியில் வையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடியில் இடுக்கம் இல்லாத குழாய் முளைத்தால் அல்பிகன்ஸ் (அல்லது அதன் ஒட்டுறவு டப்ளினியென்சிஸ்). மூன்று மணியைத் தாண்ட விடாதீர்கள், டிராப்பிகாலிஸ் என்ற இனமும் நீண்டு ஆளை ஏமாற்றும். முளைக்காவிட்டால், காலனியின் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லும் குரோமோஜெனிக் தட்டு.

பிறகு டிஸ்க். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன்: குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குழலை உடனே திறக்காதீர்கள். மூடியபடியே அறைச்சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து மருந்து கெடும். தட்டில் சாதாரண முல்லர்-ஹிண்டன் அகார் (கிருமி வளர்க்கும் ஊடகம்) போதாது. 2 விழுக்காடு குளுக்கோஸும் மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலின் நீலமும் சேர்ந்தது வேண்டும். நீலம் இருந்தால்தான் வட்டத்தின் ஓரம் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் வளர்ந்த காலனிகளை உப்பு நீரில் கலக்கி மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5க்குக் கொண்டுவந்து, மூன்று திசையில் ஸ்வாப்பால் தேய்த்து, ஈரம் இழுத்ததும் டிஸ்க்கை வைத்து 35 டிகிரியில் விடுங்கள். கூடவே, விடை முன்பே தெரிந்த பாராப்சிலோசிஸ் 22019 என்ற தரக்கட்டுப்பாட்டுக் கிருமியும் ஓடட்டும். அதன் வட்டம் 22க்கும் 33 மில்லிமீட்டருக்கும் இடையில் இல்லையென்றால் அன்றைய தட்டுகள் எல்லாம் குப்பைக்கு.

20 முதல் 24 மணி நேரத்தில் படியுங்கள். தடுமாற்றம் இங்கேதான். ஃபுளுகோனசோல் அல்பிகன்ஸைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கும். அதனால் வட்டத்துக்குள் மங்கலான படலமும் பொடிக் காலனிகளும் நிற்கும். பாக்டீரியா பழக்கத்தில் துளி வளர்ச்சிகூட இல்லாத இடம் வரை அளந்தால், கேட்கும் கிருமியைக் கேட்காதது என்று எழுதிவிடுவீர்கள். வளர்ச்சி சட்டென்று குறையும் கோட்டில் ஸ்கேலை வையுங்கள், பொடிகளை விட்டுவிடுங்கள். அல்பிகன்ஸ், டிராப்பிகாலிஸ், பாராப்சிலோசிஸ் மூன்றுக்கும் 17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கேட்கும், 13ம் அதற்குக் கீழும் கேட்காது, நடுவில் டோஸைப் பொறுத்தது. ஆனால் வட்டத்துக்குள் பெரிய, கொழுத்த காலனிகள் நின்றால் விடக்கூடாது. கலப்படமாக இருக்கலாம், தனியாக எடுத்து மறுபடி வளர்த்துப் பாருங்கள்.

காலேஜ் பிள்ளைகளுக்கு, கிருமிக்கு நோய் தரும் வலு எவ்வளவு என்று பார்க்கும் வீரியச் சோதனையில்தான் ஆசை. முட்டை மஞ்சள் கரு தட்டில் ஈஸ்ட்டை வைத்தால், பாஸ்போலிபேஸ் என்ற, கொழுப்பைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். காலனியின் விட்டத்தை, வளையத்தோடு சேர்ந்த மொத்த விட்டத்தால் வகுக்க வேண்டும். 1 வந்தால் சுரப்பே இல்லை. எண் குறையக் குறைய வீரியம் கூடுதல். புராஜெக்டுக்கு நல்ல வேலை. நோயாளி ரிப்போர்ட்டில் மட்டும் அதை எழுதாதீர்கள், எந்த மருந்து என்பதற்கு அது பதில் சொல்லாது.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது வேறு. தோட்டத்துப் பாட்டி ஒருவர், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பல்செட், வாயெல்லாம் வெள்ளை. டிஸ்க்கில் வட்டம் அழகாக வரும், வாயில் புண் ஆறாது. பல்செட்டில் படலமாக ஒட்டிய காண்டிடாவை மருந்து எளிதில் அசைக்காது, டிஸ்க்கும் அதைக் காட்டாது. எந்த இடத்து மாதிரி, பல்செட் உண்டா என்று டாக்டருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவச் சொல்ல வேண்டியது அவர்.

இனம் கண்டுபிடிக்கும் கிட் 'ஹீமுலோனியை' (அரிதான ஒரு காண்டிடா) என்று காட்டி, வட்டமும் வராவிட்டால், நாமே தீர்ப்பு எழுதுவதில்லை. 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட, பெரும்பாலும் மருந்துக்கு மசியாத காண்டிடா ஆரிஸ் இந்தப் பெயரில் ஒளிந்து வரும். தட்டை மூடி, டாக்டருக்குப் போன் போட்டு, பெரிய லேப்புக்கு அனுப்பிவிடுங்கள்.