சுரையா, பறங்கியா, பூசணியா? முளைத்த கொடியைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆடிப்பட்டத்தில் கைக்குக் கிடைத்த விதையையெல்லாம் ஊன்றிவிட்டு, பத்தாம் நாள் எது என்ன கொடி என்று விழிப்பது கடலூர், பாகூர்ப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் சகஜம். முதலில் விரியும் இரண்டு தடித்த இலைகளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அவை விதையிலைகள். சுரை, பறங்கி, பூசணி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவம்தான். (நம் பக்கம் பறங்கி என்பது மஞ்சள் பூசணி, பூசணி என்றால் சாம்பல் பூசணி.) நாலாவது இலை வரட்டும்.

படி 1: இலையைத் தொடுங்கள்
சுரை இலை பட்டுப்போல மெத்தென்று இருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் கடுகு போலச் சின்ன முடிச்சுகள். இருந்தால் சுரைதான், அடுத்த சோதனை தேவையில்லை. பறங்கி, பூசணி இலைகள் சொரசொரக்கும். பறங்கி இலையில் நரம்பு பிரியும் இடங்களில் வெள்ளைத் திட்டு இருக்கலாம், ஆனால் எல்லா ரகத்திலும் இருக்காது. பாகல் இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், அதன் பற்றுக்கம்பி கிளைக்காது.

(அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர், அதாவது பறங்கியர், வழியாக வந்த காய் என்பதால் மஞ்சள் பூசணிக்குப் பறங்கி என்று பெயர். பறங்கிப்பேட்டைக்கும் அதே பறங்கியர்தான் பெயர்க்காரணம்.)

படி 2: பூ விரியும் நேரம்
பறங்கிப் பூ விடியலில் புனல்போல விரியும், இதழ்கள் அடியில் ஒட்டியிருக்கும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பூசணிப் பூவும் மஞ்சள்தான். ஆனால் ஐந்து இதழும் அடிவரை பிரிந்து தட்டையாக இருக்கும். சுரை மாலையில் வெள்ளையாகப் பூக்கும். இதழோரம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ என்றால் புடலை. பீர்க்கு மாலையில் மஞ்சளாகப் பூக்கும். காலையில் பூத்தால் அது நுரைப்பீர்க்கு, காயில் வரிமேடு இருக்காது.

படி 3: பிஞ்சு
பூசணிப் பிஞ்சு மயிரோடு பச்சையாக இருக்கும். சாம்பல் முற்றும்போதுதான் படியும். இது தெரியாமல் 'வேறென்னவோ முளைத்துவிட்டது' என்று கொடியை அறுத்துவிடுகிறார்கள்.

சுரைக்காயைச் சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையே எறியுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அடுத்த பட்டத்தில் குழிக்கு ஒரு பெயர்க்குச்சி நடுங்கள், பென்சிலால் எழுதி. மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும்.